கண்ணாடிக்கு வைத்த பொட்டு

ஆகஸ்ட் 9, வெள்ளி

இந்த டைரி கமுதி உரக்கடையில் தை மாதம் இனாமாகக் கொடுத்தது. இத்தனை நாள் டிரங்குப் பெட்டி மேல் கிடந்தது. எழுந்து நடக்க முடிந்தவன் எவனும் டைரி எழுத மாட்டான். நான் எழுதுகிறேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

பெயர் முத்திருளன். தொழில் கரிமூட்டம். போன வாரம் டிராக்டர் டிரெய்லரில் விறகுச் சுமை மேல் நின்று கயிற்றை இழுத்துக் கட்டினேன். கயிறு அறுந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து, பரமக்குடி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாதாம்.

காலைவிட மனசுதான் அதிகம் வலிக்கிறது. ஊருக்குக் கிழக்கே என் கரிசல் காட்டில் விறகை அடுக்கி முடித்து வைத்திருக்கிறேன். சீமைக் கருவேலத்தை வெட்டி, அடியில் கனத்த தூர்க்கட்டைகளை வட்டமாகப் பரப்பி, அதன்மேல் கோபுரம் மாதிரி ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பிறகு வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை விட்டு, பல நாள் புகைய விட்டால் கரி. மூடித் தீ வைப்பது மட்டும்தான் பாக்கி. அடித்தூர்தான் அடுக்குக்கு உயிர். அதில் ஒன்றை உருவினால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். என் அடுக்கில் ஒரு ஆடு உரசினால்கூட எனக்கு ஆகாது, கல்லை எடுத்துக்கொண்டு ஓடுவேன். இப்போது ஆடுகளுக்குத்தான் நல்ல காலம்.

என் பொண்டாட்டி பஞ்சவர்ணம் திங்கட்கிழமை முதல் சோலாருக்கு வேலைக்குப் போகிறாள். என் காட்டை ஒட்டி மேற்கே கம்பி வேலி போட்டுக் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடியாக நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அந்தக் கம்பெனி. போகட்டுமா என்று என்னைக் கேட்கவில்லை. "போறேன்" என்றாள்.

"என்ன வேலை?"

"பிளேட்டுத் தொடைக்கிற வேலை."

"பதினெட்டு வருசமா எங்கூடக் கரிக்குள்ள கெடந்தவளுக்குக் கண்ணாடி தொடைக்கத் தெரியுமாக்கும்?"

"கரியவே தொடச்சுத் தொடச்சுப் பழகுனவளுக்குத் தூசி என்னங்க பெருசு" என்றாள்.

கால் வலிக்கிறது என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

விடியும் முன்னே வேன் வந்து ஹாரன் அடித்தது. நீல நிறச் சட்டை, காலில் பூட்ஸ், தலையில் மஞ்சள் தொப்பி. என் பொண்டாட்டியா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். மகள் யோகலட்சுமி செல்போனில் படம் எடுத்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போவதைவிட இதில்தான் அக்கறை.

நான் உட்கார்ந்தபடியே சோறு வடித்தேன். குழைந்துவிட்டது. கஞ்சி என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்றும் கஞ்சிதான்.

ஆகஸ்ட் 21, புதன்

சோறு சரியாக வந்தது. யோகா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பஞ்சவர்ணத்தோடு சேர்த்து ஒரு கூட்டம் பெண்கள் ஒரு பிளாக்கைப் பார்த்துக்கொள்கிறார்கள். நீளக் கம்பில் பஞ்சுத் துடைப்பம் மாட்டி, வெயில் ஏறுவதற்குள் வரிசை வரிசையாகத் துடைத்துக்கொண்டு போக வேண்டும். வெயில் ஏறினபின் கண்ணாடிக்குக் கீழே புல் பிடுங்குவது, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது. இவளைக் கூட்டத்துக்குத் தலைவியாகப் போட்டுவிட்டார்களாம். வீட்டில் செய்கிற அதிகாரத்துக்கு அங்கே சம்பளம் கொடுக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு இருளாயியும் போகிறாள். அவள் புருஷன் கோட்டைச்சாமி பனியன் கம்பெனி வேலையை விட்டுத் திருப்பூரிலிருந்து வந்து கம்பெனி வேனை ஓட்டுகிறான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் ஊருக்கு வந்துகொண்டிருந்தவன். நேற்று அவன் மகன் தெருவில் அவன் தோளில் உட்கார்ந்துகொண்டு போனான். கம்பெனி வாசலில் இரண்டு மெஸ் வந்துவிட்டது. ஐடிஐ படித்துவிட்டு அரபு நாட்டுக்கு விசா தேடி அலைந்த பையன்கள் இங்கேயே ஸ்பேனரோடு திரிகிறார்கள். எனக்கு வந்த லாபம், மூட்டத்துக்கு மண் போட ஊரில் ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. யாரைக் கேட்டாலும் "சோலாருக்குப் போறேண்ணே" என்கிறான்.

கோபமாகத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்துப் படித்தால் கோபமாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

பஞ்சவர்ணம் வேலை முடிந்து வந்தபோது கை இரண்டும் கறுப்பு. பழைய ஞாபகத்தில் எனக்கு முதலில் வித்தியாசமாகவே படவில்லை. பிறகுதான் யோசித்தேன், கண்ணாடி துடைக்கிறவளுக்குக் கரி எங்கிருந்து வந்தது?

மேற்கே பக்கத்து ஊர்க்காரன் எவனோ மூட்டம் போட்டிருக்கிறான். இந்த மாதம் மேல்காற்று. புகை மொத்தமும் பிளேட்டுகள் மேல் படிந்து, துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்ததாம். ரெண்டு நாளாக அந்தப் பக்கத்துக் கரண்டு குறைந்துவிட்டதாம். இன்ஜினியர் ஜெபக்கனி மேடம் அந்த ஆளிடம் போய்ப் பேசினதற்கு, "என் நெலம், என் வெறகு" என்று சொல்லிவிட்டானாம். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். என் அடுக்கு கம்பெனிக்குக் கிழக்கே இருக்கிறது. ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பினால் என் புகை நேராக அவள் பிளாக்கில்தான் இறங்கும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 16, திங்கள்

துடைக்கிற பெண்களில் ஆறு பேரை எடுத்து டெக்னீஷியன் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம். பன்னிரண்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும். திருநெல்வேலியில் மூன்று மாதம் தங்கிப் படித்துவிட்டு வந்தால் நிரந்தர வேலை. அடுத்த மாதம் தலைமை ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து பிளாக்குகளைப் பார்த்து, ஆளையும் பார்த்து எடுப்பார்கள். பிளாக் சுத்தமாக, கரண்டு குறையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துடைக்கிற வேலையையே மெஷினுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறதாம். அப்புறம் ஆறு பேர் என்ன, அத்தனை பேரும் வீட்டுக்குத்தான்.

பஞ்சவர்ணம் பன்னிரண்டாம் வகுப்பில் பிசிக்ஸ் எடுத்துப் படித்துப் பாஸ் பண்ணினவள். இது எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும். ஆனால் அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. யோகாவின் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் பூராவும் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். என்னைப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கச் சொன்னார்கள். பதில் சரியா தப்பா என்று எனக்கெங்கே தெரியும்? அவள் தயங்காமல் சொன்னால் சரி, தலையைச் சொறிந்தால் தப்பு என்று வைத்துக்கொண்டேன்.

பெருமையாக இருந்தது. பேனாவால் எழுதிவிட்டேன், இனி அழிக்க முடியாது.

செப்டம்பர் 29, ஞாயிறு

கரி வியாபாரி சிக்கந்தர் மச்சான் பிஸ்கட் பாக்கெட்டோடு பார்க்க வந்தார். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் கரியை அவர் வீட்டார்தான் எடுக்கிறார்கள். காலைத் தொட்டுப் பார்த்து, நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"மழைக்கு முன்னாடி மூட்டத்தப் போட்டுருங்க மச்சான். ஊர்ல ஒருத்தனும் போடல. இந்த வருசம் கரி நல்லா கேக்குறாக. கட்டுப் பிரிச்சதும் சொல்லுங்க, ஆளுகள நான் கூட்டியாரேன்."

"பாப்போம்" என்றேன்.

"என்ன பாக்குறது? அடுக்கி ரெடியா நிக்கிது. அடுக்குன மூட்டத்த யாராச்சும் சும்மா போடுவாகளா?"

உள்ளே பஞ்சவர்ணம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

மச்சானுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள், அவர் வீட்டம்மாவை விசாரித்தாள், மூட்டத்தைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

கட்டுப் பிரித்தாயிற்று. கால் சூம்பிப் போய் யாருடைய காலோ மாதிரி இருக்கிறது. ஒரு மாதம் கம்பு ஊன்றி நடக்கச் சொன்னார்கள்.

முதல் வேலையாகக் காட்டுக்குப் போய் அடுக்கைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் ஒரு விறகுகூட அசையவில்லை. என் கைக்கு நானே நமஸ்காரம் செய்ய வேண்டும் போல இருந்தது. அங்கே நின்று பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டைகள் வரிசையில் நகர்வது தெரிகிறது. எது பஞ்சவர்ணம் என்று இவ்வளவு தூரத்தில் தெரியாது. நடையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. கம்பெனி வாசலில் பூஜை செய்துகொள்ளலாம், அவரவர் சாமான்களைக் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று மேடம் சொல்லிவிட்டு, லீவுக்கு நாசரேத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாம். நல்ல பிள்ளை. சர்ச்சுக்குப் போகிற பிள்ளை, பொரி கடலைக்குக் காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

"நாங்க தொடைக்கிற கம்பு, பக்கெட்டெல்லாம் அடுக்கி வச்சுச் சாமி கும்பிடப் போறோம்" என்றாள் பஞ்சவர்ணம்.

"கம்புதான் ஒனக்குச் சோறு போடுதா? பிளேட்டுதான போடுது? டிராக்டர விட்டுப்புட்டுத் தொடப்பத்துக்குப் பொட்டு வச்ச கதையாவுல்ல இருக்கு."

அவள் யோசித்தாள். நான் சொன்னது நியாயமாகப் பட்டது அவள் முகத்தில் தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் இது எத்தனையாவது தடவை என்று விரல் விட்டே எண்ணிவிடலாம்.

உற்சாகத்தில் சந்தனத்தை நானே குழைத்துக் கொடுத்தேன், ஒரு பெரிய வாளி நிறைய. இதில் எனக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. நாட்டுக் கருவேலம் பிசினை ஊறவைத்துச் சந்தனத்தோடு கலந்துவிடுவேன். என் டிராக்டரில் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு, மழை வெயில் காற்று எல்லாம் தாண்டித் தைப்பொங்கல் வரைக்கும் நிற்கும். ஊரில் வேறு எவன் வண்டியிலும் நிற்காது.

அக்டோபர் 11, வெள்ளி

சந்தோஷமாக வந்தாள். பிளாக் முழுக்க எல்லாப் பிளேட்டுக்கும் உள்ளங்கை அகலத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். அத்தனை பெண்களும் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வைத்தார்களாம். கண்ணாடி சூட்டில் வைத்த கையோடு காய்ந்து ஒட்டிக்கொண்டதாம்.

"பாக்க அம்புட்டு லெச்சணமா இருந்துச்சுங்க. வரிசையா சமஞ்ச பிள்ளைக நிக்கிற மாதிரி" என்றாள்.

சந்தனம் யார் குழைத்தது என்று எல்லாரும் கேட்டார்களாம். என் பெயரைச் சொன்னாளாம்.

அக்டோபர் 14, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே அந்த பிளாக்கில் கரண்டு குறைந்துவிட்டது. லீவு நாளிலும் வேலையில் இருந்த ஷிப்ட் ஆள் மேடத்துக்குப் போன் போட, மேடம் ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்து, ஒயரைப் பார்த்து, பெட்டியைத் திறந்து பார்த்து, ஒன்றும் புரியாமல் இன்றைக்குக் காலை வரிசைக்குள் நடந்து போயிருக்கிறது. கண்ணாடி வானத்தைப் பார்த்துச் சாய்ந்து இருப்பதால் பக்கத்தில் போனால்தான் பொட்டு தெரியும். பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டதாம். பஞ்சவர்ணம் போனபோது அந்தப் பிள்ளை சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லையாம்.

"யாருக்கா வச்சது?"

"நாந்தான் மேடம் வைக்கச் சொன்னேன்."

"ஏன்க்கா, ஒரு பேனலுக்குள்ள எல்லாம் ஒரே சங்கிலில கோத்த கண்ணிக்கா. ஒரு எடத்துல நிழல் விழுந்தா, அந்த வரிசையே அதுக்குத் தக்கனதான் ஓடும். நிழலு எது, பொட்டு எதுன்னு வெயிலுக்குத் தெரியாதுல்ல."

திட்டவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை என்றாள். வியாழக்கிழமை தலைமை ஆபீஸிலிருந்து வருகிறார்கள்.

அதைவிடக் கொடுமை, துடைத்தால் போகவில்லை. பஞ்சுத் துடைப்பத்தால் தேய்த்தால் பொட்டு இன்னும் பளபளப்பாகிறதாம். சுரண்டக் கூடாது, கீறல் விழும். சோப்புப் போடக் கூடாது. "என்ன சந்தனம்க்கா இது" என்று மேடம் கேட்டதற்கு இவள் "கடைச் சந்தனம்தான்" என்று சொல்லிவிட்டாள். பிசினைப் பற்றியும் சொல்லவில்லை, என்னைப் பற்றியும் சொல்லவில்லை.

சாப்பிடாமல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

எனக்கு என் கையை வெட்டிப் போட வேண்டும் போல இருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையில் அவளோடு வேனில் நானும் ஏறினேன். கோட்டைச்சாமி கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தான்.

இவ்வளவு நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன், முதல் தடவை உள்ளே போனேன். வெளியில் இருந்து பார்ப்பது வேறு. கண்ணாடி வரிசைகளுக்கு நடுவே நின்றால் சத்தமே இல்லை. புகை இல்லை, தீ இல்லை, ஒரு சாம்பல் இல்லை. ஆனால் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. நான் ஒரு மூட்டம் வேகிற வரைக்கும் கண் எரிய எரியக் காவல் கிடப்பேன். இங்கே சூரியன் வந்து அதுபாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறது. எவனோ மூளைக்காரன்தான் இதைக் கண்டுபிடித்திருக்கிறான். கரிசலில் கருவேலத்தைத் தவிர ஒன்றும் விளையாது என்று என் அப்பா சொல்லுவார். வந்து பார்க்க அவர் இல்லை.

ஜெபக்கனி மேடத்தைப் பார்த்தேன். யோகாவைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும்.

"மேடம், சந்தனத்துல பிசின் கலந்தது நாந்தான். ஏம் பொண்டாட்டிக்குத் தெரியாது" என்றேன். பாதி உண்மை, பாதி பொய்.

"பிசினா? எதுலண்ணே கரையும்?"

"வெந்நீருல ஊறுனா விட்டுரும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொதிக்கக் கொதிக்க ஊத்துனா கண்ணாடி விரிஞ்சுரும்ணே. கை பொறுக்குற சூடுதான் இருக்கணும். அதுவும் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, இல்லேன்னா சாயங்காலம் பிளேட்டு ஆறுனப்பெறகு. ஒரு பிளேட்ட நான் முதல்ல பாக்குறேன்" என்றது. பார்த்தது. துணியை நனைத்துப் பொட்டு மேல் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தால், தோல் உரிகிற மாதிரி பொட்டு கழன்று வந்தது. அப்போது மேடம் சிரித்த சிரிப்பை இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்.

அவ்வளவு வெந்நீருக்கு எங்கே போவது? கோயில் அண்டாக்களைக் கேட்டு வாங்கினோம். முளைப்பாரித் திருவிழாவுக்குச் சோறு பொங்குகிற அண்டாக்கள். கம்பெனிக்கு மேற்கே வாசல் பக்கம் கல் கூட்டினோம், வாடை இப்போதே திரும்பிவிட்டதால் புகை பிளேட்டுப் பக்கம் வராமல் மேற்கே போய்விடும். விறகு?

விறகு என் காட்டில் இருக்கிறது.

கோட்டைச்சாமியை டிராக்டரை எடுக்கச் சொன்னேன். அவனை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு நானே போய் எடுத்தேன். மேல் விறகு பனியில் நனைந்திருக்கும் என்று ஒரு எண்ணம். அதனால் அடியில் இருந்து உருவினேன். அடித்தூர் நன்றாகக் காய்ந்திருக்கும், நின்று எரியும். சில கட்டைகள்தான் உருவினேன்.

சத்தம் கேட்டுக் கோட்டைச்சாமி ஓடிவந்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தள்ளித்தான் நின்றிருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

நேற்று சாயங்காலமும் இன்று காலையும் சாயங்காலமும் கழுவினோம். ஊர்ப் பெண்கள், வேலைக்குப் போகாதவர்கள்கூட வந்தார்கள். மெஸ்காரர்கள் டீ கொடுத்தார்கள். யோகா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து துணி பிழிந்தாள். மேடம் பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு வரிசையோடு வரிசையாகத் தேய்த்தது. நான் அண்டாவுக்குத் தீ போட்டேன். சூட்டைக் கையை விட்டுப் பார்த்துப் பார்த்து அனுப்பினேன்.

பஞ்சவர்ணம் வரிசைக்கு வரிசை நின்று பார்த்து, விட்டுப்போன பொட்டைக் காட்டிக் காட்டி வேலை வாங்கினாள். எங்கே நிற்க வேண்டும், யாரை எங்கே அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. நான் அண்டாப் பக்கம் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை இருளாயி கவனித்துவிட்டாள்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீக?" என்றாள்.

புகை கண்ணில் பட்டது என்று சொன்னேன்.

அக்டோபர் 17, வியாழன்

வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். கரண்டு பழையபடி வந்துவிட்டது.

மேடம் நடந்ததை மறைக்கவில்லை, முன்கூட்டியே அவர்களுக்கு எழுதிவிட்டதாம். நேர்முகத்தில் பெரிய அதிகாரி முதல் கேள்வியே, "பொட்டு வச்சது நீங்கதானா?" என்று கேட்டாராம்.

"ஆமா சார்."

"ஏன் வச்சீங்க?"

"எங்களுக்குச் சோறு போடுற சாமான் சார் அது."

"அப்பறம் ஏன் கரண்டு கொறஞ்சுது?"

அதற்கு இவள், கும்மி அடிக்கிறபோது ஒருத்தி கால் நொண்டினால் வட்டமே அவள் வேகத்துக்குத்தான் சுற்ற வேண்டிவரும், பிளேட்டுக்குள்ளும் அப்படித்தான் என்று சொல்லி, அப்புறம் புத்தகத்தில் படித்ததைப் புத்தகத்தில் இருந்த மாதிரியே சொன்னாளாம். தலையைச் சொறிந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியானால் சரியாகத்தான் சொல்லியிருப்பாள்.

துடைக்கிற வேலையை மெஷினுக்குக் கொடுக்கிற பேச்சு இப்போதைக்கு இல்லையாம். இரண்டு நாளில் அத்தனை கண்ணாடியையும் கீறல் விழாமல் கழுவினவர்களை எதற்கு அனுப்ப வேண்டும் என்று அந்த அதிகாரியே சொன்னாராம்.

அக்டோபர் 25, வெள்ளி

ஆறு பேரில் முதல் பெயர் அவளுடையது.

அவள் அழுதாள். யோகா அழுதாள். நான் கடைக்குப் போய்ச் சேவு வாங்கி வந்தேன். வழியெல்லாம் பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டே போனதில் போய்வர ரொம்ப நேரமாகிவிட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

சிக்கந்தர் மச்சான் தீபாவளிக்குப் பிறகு ஆட்களோடு வந்துவிட்டார். காட்டுக்குக் கூட்டிப் போனேன். கோபுரம் மாதிரி நின்ற இடத்தில் விறகு குப்பையாகக் கிடந்தது. மச்சான் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து அடியைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாடிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆடு ஒரசிருச்சா மச்சான்?"

"ஆமா மச்சான். ஆடுதான்."

"பொல்லாத ஆடு" என்றார். பஞ்சவர்ணத்திடமும் ஆடு என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

மறுபடி அடுக்க ஆள் கொண்டுவரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. கிடந்த விறகை மெஸ்காரர்களுக்கு அடுப்புக்குப் பேசி முடித்துக் கொடுத்தார். போகும்போது, அவர் சின்ன மகன் பரமக்குடியில் மொட்டை மாடிகளுக்குச் சோலார் மாட்டுகிற வேலையில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எனக்குக் கொஞ்ச நாள் நிம்மதியாகப் போயிருக்கும்.

கால் சரியானதும் கம்பெனிக்குத் தண்ணி டேங்கர் இழுக்க என் டிராக்டரைக் கொண்டுவரச் சொல்லி மேடம் சொல்லியிருக்கிறது. சந்தனம் மட்டும் கொண்டுவரக் கூடாதாம்.

நவம்பர் 10, ஞாயிறு

பஞ்சவர்ணத்தைத் திருநெல்வேலிக்கு அனுப்பக் கமுதி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அவள் பிறந்த வீட்டைத் தவிர எங்கேயும் தனியாகப் போய்த் தங்கினதில்லை. யோகா பேக்கைத் தூக்கி மேலே வைத்தாள். கூடப் போகிற ஐந்து பெண்களும் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் ஜன்னல் பக்கம் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "சோறு குழையாது. கவலப்படாத" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

டிரைவர் ஏறினார். அவள் ஜன்னல் கம்பியில் இருந்த என் கையைப் பிடித்தாள். பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் பார்க்க. அவள் கையில் கரி இல்லை, ரேகையில்கூட இல்லை.

"ஏங்க."

"என்ன?"

"பதினெட்டு வருசமா நானும் ஒங்ககூட நின்னு மூட்டம் அடுக்கியிருக்கேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"அடித்தூர ஆடு உருவாதுங்க" என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. இல்லாவிட்டால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.